மிஸ்ஸி கேட்டது அண்ணியை

மிஸ்ஸி கேட்டது அண்ணியை. பதில் சொன்னது நான்.

மலேசியாவின் கூலாயில், எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து காரில் பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய தாய்சேய் கிளினிக். அண்ணிக்கு அப்போது ஐந்தாம் மாதம். எடை பார்த்தாயிற்று, ரத்த அழுத்தம் பார்த்தாயிற்று, விரல் நுனியில் குத்தி ரத்தமும் எடுத்தாயிற்று. கடைசியில் மிஸ்ஸி, எங்கள் ஊரில் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு தாளை எடுத்து மலாயில் இரண்டு கேள்விகளைப் படித்தார். கொஞ்ச நாளாக மனசு சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருக்கிறதா? எதைச் செய்தாலும் அதில் பிடிப்போ சந்தோஷமோ இல்லாமல் இருக்கிறதா?

அண்ணிக்கு மலாய் தெரியாது. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது. மிஸ்ஸி சொல்வதைத் தமிழில் சொல்லவும் அண்ணி சொல்வதை மலாயில் சொல்லவும்தான் என்னைக் கூட அனுப்பினார்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. "தாக் அடா, மிஸ்ஸி. ஓகே லா" என்றேன். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று. மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. மிஸ்ஸி 'இல்லை' என்ற இடத்தில் இரண்டு கோடு போட்டு, அந்தத் தாளை அண்ணியின் பிங்க் நிறக் கர்ப்பகாலப் புத்தகத்தில் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார். வெளியே எண் சீட்டோடு பெரிய கூட்டம்.

நடைபாதைக்கு வந்ததும் அண்ணி கேட்டார். "கடைசியா என்னமோ கேட்டாங்களே, என்னது?"

"சும்மா அண்ணி. நல்லா இருக்கீங்களான்னு கேட்டாங்க."

"ஓ" என்றார். கொஞ்சம் நடந்தபிறகு, "நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்காங்கன்னு சொன்னேன்."

அண்ணி தலையாட்டினார். நான் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே முன்னால் நடந்தேன்.

இதில் கொடுமை என்னவென்றால், நான் படித்ததே அதுதான். குழந்தை வளர்ச்சி, தாயின் மனநலம், கருவில் தொடங்கி ஐந்து வயது வரைக்கும். பட்டம் வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. செனாயில், தொழிற்சாலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தாஸ்காவில் பாதி நாள் வேலை. மீதி நாளில் கையில் கிடைத்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பேன். தாய் மனசு வாடினால் குழந்தை எப்படி வளரும் என்று தொடங்கினால் மூச்சு விடமாட்டேன். அம்மா சட்னி அரைக்கும் மிக்ஸியைப் போட்டுவிட்டுத்தான் தப்பிப்பார்.

யாராவது ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நான் முடித்து வைப்பேன். சின்ன வயசிலிருந்தே அப்படி. அம்மா கையை நீட்டுவதற்குள் உப்பு ஜாடியைக் கொடுத்துவிடுவேன், கேட்க வந்தது புளியாக இருக்கும். அண்ணன் "பாப்பா, அந்த..." என்பான், நான் ரிமோட்டை எறிவேன், அவனுக்கு வேண்டியது சாக்ஸ். பள்ளியில் இதற்குப் பெயர் கெட்டிக்காரத்தனம். கிளினிக்கில் இதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரமும் நான் ரொம்பவே சுறுசுறுப்பாக இருந்தேன். கூடத்தில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய அட்டை ஒட்டினேன். பச்சைக் கட்டம் நடைப்பயிற்சி, மஞ்சள் கட்டம் பாட்டு, நீலக் கட்டம் வயிற்றுப் பிள்ளையோடு பேசுவது. ஓரத்தில் ஐந்து முகங்கள் வரைந்திருந்தேன், சிரிப்பிலிருந்து அழுகை வரைக்கும்.

அம்மா பள்ளிக் கேண்டீன் வேலை முடிந்து வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் அதைப் பார்த்தார். "ஏண்டி, இது என்ன, பிள்ளை பெத்துக்கப் போறவளுக்கு டைம்டேபிளா?"

"மனநலத் திட்டம்மா."

"இந்தக் கடைசி மூஞ்சி அப்படியே உங்க அப்பா லாரி பஞ்சரானா இருக்கிற மாதிரியே இருக்கு."

அண்ணி சிரித்தார். உடனே சிரிப்பு முகத்துக்கு நேராக ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒரு வேலை முடிந்தது!

தினமும் வேலையிலிருந்து வந்ததும் கேட்பேன். "அண்ணி, இன்னிக்கு மனசு எப்படி? பத்துக்கு எத்தனை?"

"ஏழு."

அடுத்த நாளும் ஏழு. அதற்கடுத்த நாளும் ஏழு. நான் வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டேன். இஸ்திரி போட்டு வைத்ததுபோல ஒரு மடிப்புகூட இல்லாத நேர்க்கோடு. எவ்வளவு நிலையான மனநிலை என்று தாஸ்காவில் கூட வேலை செய்கிற அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். அந்த அக்கா பார்த்துவிட்டு, "இது மனுஷியா, குழாய்த் தண்ணியா?" என்று கேட்டார். அதையும் நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு உள்ளங்கை அளவு மண்சட்டி ஒன்று கொடுக்கலாம் என்று அம்மா முடிவு செய்திருந்தார். அதை வாங்க ஒரு சனிக்கிழமை காலை நானும் அண்ணியும் ஆயர் ஈத்தாமுக்குப் போனோம். நெடுஞ்சாலை முழுக்க நான்தான் பேசினேன். செம்பனைத் தோட்டங்கள் தீர்ந்து கடைகள் வரும்வரைக்கும், பிறந்த குழந்தையின் மூளையில் என்னவெல்லாம் நடக்கும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி 'ம்' கொட்டினார்.

கடைக்காரர் அறுபது சட்டிகளை ஒரு பெஞ்சில் பரப்பி, பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றையும் கொடுத்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். நாங்களே சுற்றிக்கொள்ள வேண்டியதுதான். அண்ணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பத்துப் பதினைந்து சட்டி ஆகியிருக்கும்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார் அண்ணி. கை நிற்கவில்லை. "அந்த மிஸ்ஸி அதே கேள்விய மறுபடியும் கேப்பாங்களா?"

"எந்தக் கேள்வி அண்ணி?"

"மனசு சோந்து போயிருக்கான்னு கேட்டாங்களே, அது."

நான் அவரிடம் அதைச் சொல்லவே இல்லை. அது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து அந்தப் பேப்பரப் போன்ல படம் புடிச்சேன். அதுவே தமிழ்ல மாத்திக் காட்டுச்சு. தமிழும் கோணல்மாணலாத்தான் இருந்துச்சு, ஆனா புரிஞ்சுது. ரெண்டு கேள்வி. ரெண்டுக்கும் இல்லைன்னு கோடு போட்டிருக்கு." அண்ணி ஒரு சட்டியைச் சுற்றி முடித்து, ஓரத்தை மடித்து, பெட்டிக்குள் வைத்தார். "நான் இல்லைன்னு சொல்லலையே. என்னைக் கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன்."

 கையில் இருந்த சட்டியையே மறுபடி மறுபடி சுற்றினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், ஏன் என்று கேட்க வேண்டும், என் பாடப்புத்தகத்தில் இதற்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஒன்றும் வெளியே வரவில்லை.  நான் பேசாமல் இருந்ததால், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிரில் இருந்தவர் தொடர்ந்து பேசினார்.

"அத்தை வயித்துல கை வச்சு, உதைக்கிறான் பாருன்னு சிரிக்கிறாங்க. நானும் சிரிக்கிறேன். எனக்கு ஒண்ணும் தோணல. யாரு வீட்டுப் பிள்ளையோ அசையுற மாதிரி இருக்கு. காலைல இருட்டோட அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிடுறார், அப்புறம் அத்தை, அப்புறம் நீங்க. கதவச் சாத்தினதும் உக்காருவேன். எந்திரிக்கணும்னே தோணாது. நீங்க வர்ற நேரம் பாத்து எந்திரிச்சு முகம் கழுவிக்குவேன்." அடுத்த சட்டியை எடுத்தார். "பயம் என்னன்னா, பொறந்தப்புறமும் ஒண்ணுமே தோணலன்னா? அந்தப் பிள்ளைக்கு அது தெரிஞ்சிடுமே. நீங்கதான சொன்னீங்க, பிள்ளைக்கு எல்லாம் தெரியும்னு."

நான்தான் சொன்னேன். வழி முழுக்க, அன்றைக்குக் காலையிலும்.

"உங்க அம்மாகிட்ட சொல்லலையா?" என்று எப்படியோ கேட்டேன்.

"சொன்னா அடுத்த ப்ளேன்ல ஏறிடும். அதுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது, நீந்தித்தான் வரும்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அண்ணிக்குச் சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, சட்டி ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பரவாயில்லை, வேறு தருகிறேன் என்று ஒரு சட்டியைக் கூடுதலாகக் கொண்டுவந்து வைத்தார். அந்த அறுபத்தோராவது சட்டி இன்னமும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் கார் சாவி போட்டு வைக்கிறோம்.

திங்கட்கிழமை காலை, முறை இல்லாத நாளில், கிளினிக்குக்குப் போனோம். அதே மிஸ்ஸியைத்தான் பார்க்க வேண்டும் என்று கவுண்டரில் அடம்பிடித்தேன். உள்ளே போனதும் உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு நான் இவரிடம் கேட்காமலே பதில் சொல்லிவிட்டேன், அந்த இரண்டு கோடும் என்னுடையவை என்று.

"அலமாக்!" என்று மிஸ்ஸி நாற்காலியில் சாய்ந்தார். பிறகு மலாயில் என்னை ஒரு பிடி பிடித்தார். "அடுத்தது என்ன, இவங்களுக்குப் பதிலா நீயே வந்து பிள்ளையும் பெத்துட்டுப் போகப் போறியா?"

அண்ணி என் கையைத் தட்டி, என்ன சொல்கிறார்கள் என்றார். இந்தத் தடவை ஒரு சொல்லையும் விடாமல் தமிழில் சொன்னேன். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மிஸ்ஸியும் சிரித்துவிட்டு, நாற்காலியை அண்ணிக்கு எதிரில் இழுத்துப் போட்டு, புதுத் தாளை எடுத்தார். எனக்கு விரலைக் காட்டினார். உன் வாய் மட்டும் வேண்டும், உன் பதில் வேண்டாம் என்றார்.

முதல் கேள்வியைத் தமிழில் சொன்னேன். அண்ணி பேசவில்லை. என் கால் மேசைக்கு அடியில் தானாக ஆடியது. ஐந்து விநாடி. 'ஆமான்னு சொல்லுங்க அண்ணி, சட்டிக் கடையில சொன்னீங்கள்ல' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஆறு. ஏழு. குழந்தையிடம் ஒன்றைக் கேட்டால் பதிலுக்கு இடம் விடுங்கள், மனசுக்குள் பத்து வரைக்கும் எண்ணுங்கள் என்று தாஸ்காவில் பெற்றோருக்கு நானே சொல்வேன். என் புத்தகத்தில் அந்த வரிக்கு மஞ்சள் மை பூசி வைத்திருக்கிறேன். பெரியவர்களுக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒன்பதில் அண்ணி, "ஆமா" என்றார்.

நான் ஒரே ஒரு சொல்லை மலாயில் சொன்னேன். அதற்குப் பிறகு மிஸ்ஸி கேட்டார், அண்ணி சொன்னார், நான் நடுவில் குழாய் மாதிரி இருந்தேன். அன்றைக்கே டாக்டரைப் பார்த்தோம். ஜோகூர் பாருவில் தமிழ் பேசும் மனநல ஆலோசகர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் ஓட்டிப் போவேன், அண்ணி உள்ளே போவார், நான் வெளியே கேண்டீனில் மைலோ குடிப்பேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். முதல் தடவை அதைக் காப்பாற்ற மூன்று மைலோ தேவைப்பட்டது.

அண்ணனிடம் சொல்ல வேண்டும். நான் சொல்கிறேனே என்றேன், அண்ணி வேண்டாம் என்றார். "என் புருஷன்ட்ட நானே சொல்லிக்கிறேன்." இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு நாளும் அண்ணன் முகத்தைப் பார்த்தாலே எனக்கு வாய் அரித்தது. சாப்பாட்டு மேசையில் அவன், "ஏன் பாப்பா, உனக்குத் தொண்டை சரியில்லையா, இவ்ளோ அமைதியா இருக்க?" என்றான். அண்ணி தட்டைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கினார்.

 அண்ணி சொன்னதைக் கேட்ட மறுவாரம் அண்ணன் மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்தான். மோட்டார் சைக்கிள் என்றால் எல்லைப் பாலத்து ஜாமில் சந்து பொந்தில் புகுந்து சீக்கிரம் வந்துவிடலாம். பஸ் என்றால் நின்று நின்றுதான் வரும். அம்மா, "ஏண்டா, வீட்டுக்கு வர மனசில்லையா?" என்று கத்தினார். அவன் கணக்கே வேறு. மோட்டார் சைக்கிளில் போன் பேச முடியாது, பஸ்ஸில் பேசலாம். சிங்கப்பூர்ப் பக்கம் பஸ் பாலத்தில் ஏறியதும் அண்ணிக்கு அழைப்பான். அவர்களுக்கு நிச்சயமாகிக் கல்யாணம் ஆவதற்குள் இருந்த மாதங்களில் போனில்தான் பேசிப் பழகினார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு நேரில் இருந்ததால் அதை விட்டுவிட்டார்கள். மறுபடி தொடங்கியது. மாலை செய்தியில் பாலத்தில் கடும் நெரிசல் என்று காட்டினால் ஊரே திட்டும், எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் காதில் இயர்போனோடு பின்வாசலில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. "நான் சரியா பாத்துக்கலையா? என்ன குறை வச்சேன்?" என்று என்னிடம் கேட்டார். என் வாயில் பதில் தயாராக இருந்தது. ஆனாலும், "அண்ணியக் கேளுங்கம்மா" என்றேன். அம்மா போய்க் கேட்டார். அண்ணி யோசித்துவிட்டு, "எனக்குத் தனியா பாசாருக்குப் போய்க் காய் வாங்கணும் அத்தை. யாரும் கூட வராம" என்றார். அவ்வளவுதானா! அம்மா நாலைந்து மலாய்ச் சொல்லைச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார். அண்ணி ஒரு கிலோ மிளகாயோடு திரும்பி வந்தார். கால் கிலோ என்று சொல்லத் தெரியவில்லையாம். ஒரு மாதம் எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் மிளகாய் இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. சுவரில் இருந்த அட்டையை நான் கழற்றினேன். அண்ணி அந்தக் கடைசி முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு, "மாமா லாரியில போயிருக்கிற நாள்ல அவர் ஞாபகமா இருக்கட்டும்" என்றார்.

பெண் குழந்தை பிறந்தது. நான் எதிர்பார்த்தது என்னவென்றால், பிள்ளையைக் கையில் கொடுத்ததும் அண்ணி கண்ணில் தாரை தாரையாகக் கண்ணீர், பின்னணியில் வயலின். அப்படி நடக்கவில்லை. அண்ணி வாங்கினார், பார்த்தார், "மூக்கு அவங்க அப்பா மூக்கு" என்றார், தூங்கிவிட்டார். அதே மிஸ்ஸி சின்னக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து தொப்புளைப் பார்த்தார், தையலைப் பார்த்தார், அந்தக் கேள்வியையும் கேட்டார். பத்தியக் குழம்பு வாசமும் சாம்பிராணிப் புகையுமாக இருந்த அறையில் அண்ணி, "இன்னும் பெருசா ஒண்ணும் தோணல மிஸ்ஸி, ஆனா பயம் குறைஞ்சிருக்கு" என்றார். நான் அதை அப்படியே மாற்றிச் சொன்னேன், ஒரு பூச்சுமில்லாமல். மிஸ்ஸி, அவசரம் ஒன்றுமில்லை, அடுத்த வாரமும் வந்து கேட்பேன் என்றார்.

எப்போது தோன்றியது என்று அண்ணிக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் குளிக்க வைக்கும்போது பாப்பா மூன்று தும்மல் போட்டு, தும்மியது யார் என்று சுற்றுமுற்றும் பார்த்ததாம். அப்போது இருக்கலாம் என்கிறார். எனக்குத் தெரிந்த அடையாளம் வேறு. அதுவரைக்கும் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் நான் பாப்பாவுக்கு முன்னால் கறுப்பு வெள்ளை அட்டைகளை ஆட்டிக்கொண்டிருந்தபோது, "அடியே, அதத் தூங்க விடு! உன் அட்டையெல்லாம் எடுத்துட்டுப் போ" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், திட்டு வாங்கிவிட்டு அறைக்குப் போய்ச் சிரித்தேன்.

இத்தனைக்குப் பிறகும் நான் திருந்திவிட்டேனா? பாப்பா ஒன்றரை வயதைத் தாண்டியும் பேசவில்லை. எங்கள் வீட்டில் தமிழ், கொஞ்சம் மலாய், அண்ணன் கொண்டுவரும் சிங்கப்பூர் ஆங்கிலம் எல்லாம் ஒரே குழம்பில் கிடக்கும், அதனால் நேரம் ஆகும் என்று நான் விளக்கம் வைத்திருந்தேன். கிளினிக்கில் காதைச் சோதித்தார்கள். நன்றாகக் கேட்கிறது. கை காட்டுகிறாள், கண்ணைப் பார்க்கிறாள், சொன்னது புரிகிறது. வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார், அதற்குள் சேர்த்து வைத்திருந்த மலாயில். "இவதான் மிஸ்ஸி. பிள்ளை கண்ணத் திருப்புறதுக்குள்ள எடுத்துக் குடுத்துடுவா. அது எதுக்குப் பேசணும்?"

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

உண்மைதான். அவள் தண்ணீர் பாட்டில் இருக்கும் பக்கம் தலையைத் திருப்பினாலே நான் ஓடுவேன். தாஸ்காவில் பதினைந்து பிள்ளைகளிடம் காக்கத் தெரிந்தவளுக்கு வீட்டில் ஒன்றிடம் காக்கத் தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டில் அண்ணி சட்டம் போட்டார். பாப்பா எதைக் காட்டினாலும், பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு, பத்து வரைக்கும் எண்ண வேண்டும். அதற்கப்புறம் பேசினாலும் பேசாவிட்டாலும் கொடுத்துவிட வேண்டும், அழ விடக்கூடாது. அண்ணன் ஒழுங்காகச் செய்தான். நான் கைகளை மடித்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டு செய்தேன். அம்மாவுக்குத்தான் வரவே இல்லை. மனசுக்குள் எண்ணத் தெரியாமல் சத்தமாகவே எண்ணுவார். "பிஸ்கட் வேணுமா தங்கம்? ஒண்ணு, ரெண்டு, மூணு... ஐயோ, முகம் வாடுது பாரு!" மூன்றிலேயே பிஸ்கட் கைமாறிவிடும்.

"அத்தை, பத்து!" என்பார் அண்ணி.

"நான் பள்ளிக்கூடத்துலயே கணக்குல வீக்கு, விடும்மா."

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அம்மா வேறு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்ததால் எண்ணிக்கை தப்பாமல் போனது. பாப்பா பிஸ்கட் டின்னைக் காட்டினாள். அண்ணி கேட்டார். ஐந்து, ஆறு. பாப்பா டின்னைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். ஏழு. எட்டு.

"நாக்!" என்றாள்.

வேண்டும் என்று மலாயில். எங்கே பிடித்தாளோ, தெரியாது! அம்மா போனைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "என்னடி இது, நாம தமிழ்ல கேட்டா இது மலாய்ல பதில் சொல்லுது!" அண்ணி இரண்டு பிஸ்கட் கொடுத்தார். ஒன்று பேசியதற்கு, ஒன்று அந்தப் பேச்சுக்கு நாங்கள் காத்திருந்ததற்கு என்று நான் விளக்கத் தொடங்கினேன். "உன் விளக்கத்துக்கு இன்னொண்ணு" என்று என் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தார். இப்போது பாப்பா பேச ஆரம்பித்தால் தெருவே அவள் கையில்தான். வாயில் என்னைக் கொண்டிருக்கிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதைப் பாராட்டாகச் சொல்வதில்லை.

போன மாதம் மறுபடியும் அதே கிளினிக். அண்ணிக்கு இரண்டாவது, நான்காம் மாதம். இப்போது மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை, அவர் பாசாரில் மீன்காரரிடம் போடும் சண்டையைக் கேட்டால் மலாய்க்காரர்களே ஒதுங்கிப் போவார்கள். நான் டிரைவர் மட்டும். பாப்பா என் மடியில். மிஸ்ஸிக்கு முடி கொஞ்சம் நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும், "நீ இன்னைக்கு யாருக்குப் பதில் சொல்ல வந்திருக்க?" என்றார்.

எடை, ரத்த அழுத்தம், விரல் நுனி. பிறகு தாள். மனசு சோர்வாக இருக்கிறதா?

அண்ணி உடனே பதில் சொல்லவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தேன். அறை அமைதியானதும் பாப்பா தலையை நிமிர்த்தினாள். எல்லோரும் பேசாமல் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"ஒண்ணு" என்றாள் சத்தமாக. "ரெண்டு. மூணு."

மிஸ்ஸிக்குப் புரியவில்லை. அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மிஸ்ஸியை நேராகப் பார்த்து மலாயில் சொன்னார். "சில நாள் இருக்கு மிஸ்ஸி. இந்த வாரம் ரெண்டு நாள். போன தடவை மாதிரி இல்ல. ஆனா இருக்கு."

மிஸ்ஸி பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்தார். என்னிடம் கதவைக் காட்டினார். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அரை மணி நேரம் ஆனது. நடைபாதையில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு புதுப்பெண், பிங்க் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மூலைகளை நீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எத்தனை மாதம், யார் கூட வந்திருக்கிறார்கள், சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"எப்படி இருக்கீங்க?"

பாப்பா வாயைத் திறந்தாள். நான் அவள் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.